வெள்ளிமலை முருகவேல் கேட்ட கேள்வி

தமிழரசன்: ஓடுதா? செவப்புப் புள்ளி வந்துச்சா?

அம்சவள்ளி: வந்துச்சி. பேசுங்க.

தமிழரசன்: வணக்கம் நேயர்களே. நம்ம 'வீட்டுப் பட்டறை' சேனலுக்கு உங்களை வரவேற்பது வடக்கனந்தல் தமிழரசன். போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பது என் மனைவி அம்சவள்ளி…

அம்சவள்ளி: என் பேர எதுக்கு இழுக்கறீங்க?

தமிழரசன்: பேசாத. பதிவாவுது.

அம்சவள்ளி: அப்பிடின்னா கொஞ்சம் நவுருங்க. பின்னால மாட்டுத்தொட்டி தெரியுது.

தமிழரசன்: தெரிஞ்சா தெரியட்டும். மாட்டுக் கொட்டாய்லதான பட்டறை வெச்சிருக்கேன். மாட்ட வித்துட்டு மிஷினு வாங்குன ஆளுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். மாடாச்சும் பாலு குடுத்துச்சி.

அம்சவள்ளி: இன்னாங்க இன்னிக்கு இப்பிடிப் பேசறீங்க…

தமிழரசன்: கடைசி வீடியோ இல்ல? சாய்ந்தரம் அந்த சங்கராபுரத்து ஆளு வண்டி எடுத்தாந்து எல்லாத்தையும் அள்ளிக்கினு போயிடுவாரு. அப்பால இந்தக் கொட்டாய்ல வைக்கோலு போட்டுக்கலாம்.

அம்சவள்ளி: மாடே இல்ல. வைக்கோலு யாருக்கு?

தமிழரசன்: எனக்குதான்.

அம்சவள்ளி: …நெசமாவே விக்கறீங்களா?

தமிழரசன்: அந்த மணை கூத்துக்கு அப்பறமும் டிரில்ல கையில எடுத்தா நான் மனுசனா?

அம்சவள்ளி: ஒரு மணை ஒடிஞ்சதுக்கா இவ்ளோ…

தமிழரசன்: ஒரு மணையா? என் தங்கச்சி அமிர்தத்தோட பொண்ணுக்கு மஞ்ச நீராட்டு. நான் தாய்மாமன். ஊரு பூரா வந்து உக்காந்துகினு இருக்குது. மணைன்னா இன்னா வள்ளி? பலகை. வெறும் பலகை. பொண்ண அதுல உக்கார வெச்சி தண்ணி ஊத்துவாங்க. அந்தப் பலகைக்கு நாலு காலு வெச்ச ஒரே தாய்மாமன் நான்தான்.

அம்சவள்ளி: நான் அப்பவே கேட்டேன், பலகைக்கு எதுக்குங்க காலுன்னு.

தமிழரசன்: ஒசரமா இருந்தா போட்டோவுல நல்லா தெரியும்னு நெனச்சேன். நல்லாதான் தெரிஞ்சிது. பாப்பா அப்பிடியே ஜெயம்மா அத்த மடியில போயி வுழுந்துச்சி. மஞ்சத்தண்ணி சொம்பு அமிர்தத்தோட மாமனாரு வேட்டி மேல.

அம்சவள்ளி: பாப்பா சிரிச்சிதுல்ல?

தமிழரசன்: பாப்பா மட்டுமா சிரிச்சிது? அந்த வீடியோக்காரன் அத மெதுவா ஓட வுட்டு வேற குடுத்திருக்கான். காலு ஒண்ணொண்ணா பூப்போல விரியுது. சொந்தக்காரங்க குரூப்புல குட் மார்னிங்குக்கு பதிலா இப்ப அததான் அனுப்பறாங்க.

அம்சவள்ளி: புள்ளி ஓடிக்கினே இருக்குதுங்க.

தமிழரசன்: ஆங்… நேயர்களே, முதல் குறிப்பு. பச்சை மரத்தில் எதுவும் செய்யாதீர்கள். போன மாதம் வெட்டிய வேப்பமரத்தை இந்த மாதம் பலகையாக்கி, அதில் துளை போட்டு, கால் சொருகினால் அன்றைக்கு நன்றாகத்தான் நிற்கும். ஈரம் காயக் காய மரம் சுருங்கும். சொருகிய இடம் தளர்ந்துவிடும். பலகைகளுக்கு நடுவில் சின்னச் சின்னக் கட்டை கொடுத்து, காற்றுப் போகும்படி நிழலில் அடுக்கி, பொறுமையாகக் காயவிடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் காய்ந்த பலகையாகக் கடையில் வாங்குங்கள்.

அம்சவள்ளி: ரெண்டும் இல்லாதவங்க?

தமிழரசன்: அவங்க மணைக்கு காலு வெக்காம இருக்கணும். நேயர்களே, இரண்டாவது. அளக்கிற டேப்பின் முனையில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். டேப்பு கீழே விழுந்து விழுந்து அந்தக் கொக்கி வளைந்துவிட்டால் எடுக்கிற அளவெல்லாம் தப்பாகும். சந்தேகம் வந்தால் முனையை விட்டுவிட்டு பத்தாவது சென்டிமீட்டரிலிருந்து அளந்து, கடைசியில் அந்தப் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்க மறக்காதீர்கள்.

அம்சவள்ளி: நீங்க மறந்தீங்க.

தமிழரசன்: மறந்தேன்.

அம்சவள்ளி: அதான் சமையக்கட்டு அலமாரி வாசக்கால தாண்டி நீட்டிக்கினு நிக்குது. போறப்ப ஒரு இடி, வரப்ப ஒரு இடி.

தமிழரசன்: சொல்லு, சொல்லு. கடைசி நாளு. எல்லாத்தையும் சொல்லிடு.

அம்சவள்ளி: ஸ்க்ரூவுக்கு சோப்பு தடவுனா சுளுவா எறங்கும்னு போன வாட்டி சொன்னீங்க. எந்த சோப்புன்னு சொல்லல. நான் குளிக்கிற சோப்ப எடுத்தீங்க. மூஞ்சில தேய்ச்சா மரத்தூளு.

தமிழரசன்: குறிப்பு சரியானதுதான?

அம்சவள்ளி: குறிப்பு சரிதான். அப்பறம் அந்த லுங்கி.

தமிழரசன்: லுங்கி வேணாம் வள்ளி.

அம்சவள்ளி: ஊருக்கு உபயோகமா இருக்கும், சொல்லுங்க.

தமிழரசன்: …நேயர்களே, கட்டிங் மிஷினைத் தொடும்போது லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். துணியை அது ஒரு நொடியில் சுருட்டி இழுத்துக்கொள்ளும். கால்சட்டை, கண்ணாடி, மிஷினோடு வந்த இரும்பு மூடி, மூன்றும் கட்டாயம். எனக்குப் போனது லுங்கியோடு போயிற்று.

அம்சவள்ளி: பக்கத்து வூட்டு பச்சையம்மா அந்நேரம்தான் கறிவேப்பில வாங்க வந்துச்சி.

தமிழரசன்: அத வெட்டிடணும். வீடியோவுல இருந்து வெட்டிடணும்.

அம்சவள்ளி: சரி, சரி.

தமிழரசன்: அது கெடக்கட்டும், டிரில்லு சாவி எங்க போச்சி? காலையில இருந்து தேடிக்கினு இருக்கேன். அது இல்லாட்டி முனைய கழட்டவும் முடியாது, மாட்டவும் முடியாது. வர்ற ஆளு எப்பிடி ஓட்டிப் பாப்பாரு?

அம்சவள்ளி: எனக்கு இன்னாங்க தெரியும்? உங்க சாமானு, உங்க கொட்டாய்.

தமிழரசன்: ஆணியிலதான் மாட்டி வெச்சிருந்தேன்…

அம்சவள்ளி: அத வுடுங்க. முருகவேல் கேள்விக்கு பதில் சொல்லுங்க. அதுக்கு டிரில்லு வேணாம்.

தமிழரசன்: உனக்கு முருகவேல் நெனப்புதான்.

அம்சவள்ளி: பாவம், நம்ம வீடியோவுக்கு வாயத் தொறந்து கமெண்டு போடற ஒரே ஆளு. அதுவும் கல்வராயன் மலையில, வெள்ளிமலையில உக்காந்துகினு.

தமிழரசன்: ஆமா. டவரே ஒழுங்கா கெடைக்காத ஊருன்னு நீதான் சொன்ன. ஆனா வீடியோ போட்ட அடுத்த நிமிசம் வந்து நிக்கறாரு.

அம்சவள்ளி: பாற மேல ஏறி நின்னு பாப்பாரா இருக்கும்.

தமிழரசன்: இருக்கும். சரி, கேள்விய படி.

அம்சவள்ளி: 'அண்ணா வணக்கம். எங்க வூட்டு குளிக்கிற ரூமு கதவு தொங்கிடுச்சி. அடி தரையில ஒரசுது. தாழ்ப்பா சேரல. பொம்பளைங்க குளிக்கறப்ப பக்கெட்ட முட்டுக்குடுத்துக்கினு குளிக்கறாங்க. வழி சொல்லுங்க அண்ணா.'

தமிழரசன்: நம்ம வூட்டுலயும் அதே பக்கெட்டுதான்.

அம்சவள்ளி: எல்லா வூட்டுலயும் பக்கெட்டு இருக்கும்.

தமிழரசன்: மழையில அவரு வூட்டு பின்கதவு உப்பிக்கிச்சி. நம்முளுதும் உப்பிக்கிச்சி. அவரு வூட்டு ஜன்னலு கொக்கி வுட்டுப்போச்சி. நம்முளுதும்.

அம்சவள்ளி: நான் அந்தப் பின்கதவ சீவிக் குடுங்கன்னு எத்தினி நாளு கேட்டேன்? ஆவட்டும், ஆவட்டும்னீங்க. அவரு கேட்டாரு, அன்னிக்கே இழைப்புளிய எடுத்தீங்க.

தமிழரசன்: அவரு நேயர். நேயருக்கு ஒரு மரியாத இல்லையா?

அம்சவள்ளி: பொண்டாட்டிக்கு?

தமிழரசன்: …போன எடுத்துக்கினு வா. குளிக்கிற ரூமாண்ட போலாம்.

அம்சவள்ளி: பாத்து, பக்கெட்டு.

தமிழரசன்: இடிச்சிக்கினேன். சரி, இங்க புடி. நேயர்களே, வெள்ளிமலை முருகவேல் அவர்களுக்கு வணக்கம். கதவு தொங்குகிறது என்றால் உடனே அடியைச் சீவாதீர்கள். முதலில் மேல் கீலைப் பாருங்கள். ஸ்க்ரூ துளை அகலமாகி, பிடிப்பு போயிருக்கும். இதோ, கையாலேயே கழன்று வருகிறது. இதற்கு இன்னும் பெரிய ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள் சில மடையர்கள்.

அம்சவள்ளி: போன வருசம் நீங்க போட்டதுதான் அது.

தமிழரசன்: அந்த மடையரைத்தான் சொல்கிறேன், நேயர்களே. வள்ளி, அந்த ஆப்ப கதவு அடியில தள்ளு. இன்னும் கொஞ்சம்… போதும். இப்போது கதவு தூக்கிக்கொண்டது. தீக்குச்சிகளை எடுத்து, மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மரப்பசையில் தோய்த்து, துளை நிறையச் சொருகுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிடுங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு அதே ஸ்க்ரூவை அதே இடத்தில் முடுக்கினால் புது மரத்தில் ஏறுவதுபோல் ஏறும்.

அம்சவள்ளி: தீப்பெட்டி காலி. அடுப்பு பத்த வெக்க இன்னா பண்றது?

தமிழரசன்: முருகவேல் வூட்டுல கடன் வாங்கிக்கினு வா.

அம்சவள்ளி: கையில பசை ஒழுவுது, தொடைங்க.

தமிழரசன்: தீக்குச்சி நல்லா ஒக்காந்திருக்கு பாரு. எப்பிடி?

அம்சவள்ளி: ம்.

தமிழரசன்: ம்-னா?

அம்சவள்ளி: பாத்துகினுதான இருக்கேன்.

தமிழரசன்: நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வலிக்குமா?

அம்சவள்ளி: அதான் முருகவேல் எழுதுவாரு இல்ல.

தமிழரசன்: ஆமா, எழுதுவாரு. 'அண்ணா, உங்க கை வேல சுத்தம் அண்ணா'ன்னு. அத படிச்சிட்டுதான் படுப்பேன், தெரியுமா உனக்கு? சரி, நிறுத்து. பசை காயட்டும். காலையில அவரு ஒண்ணு போட்டிருந்தாரு. படிக்கறேன் கேளு.

அம்சவள்ளி: இப்ப எதுக்குங்க? அடுப்புல ஒலை…

தமிழரசன்: தீப்பெட்டியே காலின்ன, ஒலை எங்கிருந்து வந்துச்சி? கேளு. 'அண்ணா, மணை ஒடிஞ்சா ஒடிஞ்சிட்டுப் போவுது. சாமானுங்கள மட்டும் வித்துடாதீங்க அண்ணா. உங்க கொட்டாய்ல சத்தம் இல்லன்னா நல்லாவே இல்ல.'

அம்சவள்ளி: நல்லாதான எழுதியிருக்காரு.

தமிழரசன்: ரொம்ப நல்லா எழுதியிருக்காரு. விக்கறேன்னு நான் எந்த வீடியோவுல சொன்னேன்?

அம்சவள்ளி: அமிர்தம் சொல்லியிருக்கும்.

தமிழரசன்: அமிர்தத்துக்கே தெரியாது. நேத்து சோறு திங்கறப்ப சொன்னேன். உங்கிட்ட. உங்கிட்ட மட்டும்.

அம்சவள்ளி: இந்த பக்கெட்ட எடுத்து உள்ள வெக்கறேன்…

தமிழரசன்: வள்ளி.

அம்சவள்ளி: இன்னா?

தமிழரசன்: கட்டுன புருசன அண்ணான்னு எழுத கை கூசலையா?

அம்சவள்ளி: மொத வாட்டி கூசுச்சி. அப்பால பழகிடுச்சி.

தமிழரசன்: அடிப்பாவி.

அம்சவள்ளி: வேற இன்னா பண்றது? ஒலகத்துல இருக்கற மிஷினு பூரா நம்ம கொட்டாய்ல. ஆனா நம்ம வூட்டுல ஒரு கதவு சாத்தல, ஒரு ஜன்னலு மூடல. நான் கேட்டா காதுல ஏறல. மலையில இருந்து ஒருத்தரு கேட்டா ஏறுமான்னு பாத்தேன். ஏறுச்சி.

தமிழரசன்: அப்ப அந்த 'கை வேல சுத்தம்'? அதுவும் வேல வாங்கறதுக்குதானா?

அம்சவள்ளி: அது… இல்ல. அது நெசம். பின்கதவு சீவினப்ப கையில தடவிப் பாத்தேன். வழவழன்னு இருந்துச்சி. அன்னிக்குதான் எழுதுனேன்.

தமிழரசன்: மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா?

அம்சவள்ளி: சொன்னா தலைக்கு ஏறிடும். மணைக்கு காலு வெச்சவரு அம்மிக்கு சக்கரம் வெப்பீங்க.

தமிழரசன்: அம்மிக்கு சக்கரம்… வெக்கலாம்தான்…

அம்சவள்ளி: பாத்தீங்களா.

தமிழரசன்: சும்மா சொன்னேன்.

அம்சவள்ளி: சும்மா இல்ல. உங்க கண்ணு போற போக்கு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணுங்க. அந்த மணை ஒடிஞ்சதுல இருந்து நீங்க கொட்டாய் பக்கம் போவல. சோறு போட்டா தின்றீங்க, பாய் போட்டா படுத்துக்கறீங்க. அந்த மிஷினு கத்துனா எரிச்சலாதான் வரும். கத்தலன்னா எனக்கு அழுவ வருது.

தமிழரசன்: …இத முருகவேல் எழுதல.

அம்சவள்ளி: அவருக்கு கூச்சம் ஜாஸ்தி. எப்பங்க கண்டுபுடிச்சீங்க?

தமிழரசன்: ஜன்னலு கொக்கியிலயே சந்தேகம் வந்துச்சி. மலையில இருக்கறவரு வூட்டு ஜன்னலுலயும் இடது பக்கக் கொக்கிதான் போவுமா?

அம்சவள்ளி: தெரிஞ்சிகினேதான் இத்தினி வேல செஞ்சீங்களா?

தமிழரசன்: நீ கேட்டா வூட்டு வேல. முருகவேல் கேட்டா நான் ஒரு வாத்தியாரு. கையில இருக்கற ஒரே நேயரையும் கெடுத்துக்க சொல்றியா?

அம்சவள்ளி: நல்ல வாத்தியாரு… அரிசி டப்பாவுல கை வுட்டுப் பாருங்க.

தமிழரசன்: இன்னா இருக்குது?

அம்சவள்ளி: டிரில்லு சாவி. நான்தான் போட்டு வெச்சேன். மிஷின ஓட்டிக் காட்ட முடியலன்னா அந்த ஆளு வாங்காம போயிடுவாருன்னு.

தமிழரசன்: அரிசியிலயா? தேடிக்கினே இருந்தா சோத்துல கெடைச்சிருக்கும்.

அம்சவள்ளி: சிரிக்காதீங்க. அவருக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க. பாவம், சங்கராபுரத்துல இருந்து வாடக வண்டி எடுத்துக்கினு வந்து வெறுங்கையா திரும்பணும்.

தமிழரசன்: அவரு வர மாட்டாரு வள்ளி. வித்துடலாம்னு நான் நெனச்சது நெசந்தான். ஆனா அந்த சங்கராபுரத்து ஆளு… அவரு உன் முருகவேலுக்கு ஒண்ணுவுட்ட அண்ணன்.