மணிக்கூண்டு வந்தால் அவர் எங்கே போவார்?

வடக்கனந்தல் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண்கள் இருவரும், கள்ளக்குறிச்சி பூங்காவில் மணிக்கூண்டு கட்டப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வேணவே வேணாங்க்கா. நடக்கற எடமே போயிடும்.”

“நீ எங்கடி நடக்கற?”

“எங்கூட்டுக்காரரு நடக்கறாருக்கா. அவரு பார்க்கைச் சுத்திக்கினு இருக்கற நேரந்தான் வூடு வூடா இருக்குது.”

“நாளைக்கு முனிசிபாலிட்டில கருத்து கேக்கற கூட்டத்துல அப்டியேவா சொல்லுவ?”

“மரத்த வெட்டாதீங்கன்னு அழுவேன்.”

“அப்போ நானும் வந்து அழறேன். எங்கூட்டு ஆளுக்கு சக்கரையே இல்லடி. இருக்குதுன்னு சொல்லித்தான் தெனமும் நடக்க அனுப்பிக்கினு இருக்கேன்.”

உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நானும் அந்தப் பூங்காவில் நடக்கிறவன்தான். போன வாரம் நான் கேட்காமலே என் மனைவி புது ஷூ வாங்கிக் கொடுத்து, “ரெண்டு ரவுண்டு ஜாஸ்தியாவே போயிட்டு வாங்க” என்றாள்.