சில்வரா, கோல்டா

"சில்வர் எடுத்தா நான் ராத்திரி வராண்டாவுல படுக்கணும். கோல்டுன்னா உன்கூட உள்ளயே படுத்துக்கலாம்."

மண்டி மொஹல்லா நெரிசலில் பஸ் நின்றுவிட்டிருந்தது. இதைச் சொன்னவர் முன் சீட்டில், ஃபேக்டரிச் சட்டையில், மடியில் தூங்கும் மகளோடு இருந்தார். பக்கத்தில் நிறைமாத மனைவி. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸில் எந்தப் பிளான் என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டுமாம். அடுத்தவர் பேச்சைக் கேட்க வெட்கப்படாத நான், போனைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சில்வர்ல ஏன் வராண்டா?"

"அது பொம்பளைங்க பொது வார்டு. ராத்திரியில ஆம்பளைங்கள விடமாட்டாங்க. கோல்டுல தனி ரூம்."

"கோல்டுக்குச் சம்பளத்துல ரொம்பப் பிடிப்பாங்களா?"

"நெறையவே. சும்னே, வெட்டியா எதுக்கு? நான் உள்ள இருந்து என்ன கிழிக்கப் போறேன்? போன தடவ உனக்கு ஊசி போட்டதப் பாத்து நான்தான் மயங்கி விழுந்தேன்."

"நர்ஸ் என்ன விட்டுட்டு உங்களப் பாக்க ஓடுனாங்க."

"எனக்கும் ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. என்னையும் புள்ளைங்க கணக்குல சேத்துட்டா பிரீமியமாவது கம்மியாகும்."

அவள் சிரிக்கவில்லை. பஸ் மெல்ல நகர்ந்தது.

"அன்னிக்கு ராத்திரி வார்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் மட்டும் பயந்துக்கிட்டே கெடந்தேன். கோல்டே போடுங்க."

"மறுபடி மயங்கி விழுந்துட்டா?"

"விழுங்க. என் பக்கத்துலயே விழுங்க."