எங்கம்மா மஸ்கட்டு போவுது

தும்மல் வந்தா தும்மிடுங்கண்ணே, அடக்காதீங்க. கொரோனா டெஸ்ட்டுன்னு மூக்குல குச்சி வுட்டா எல்லாருக்கும் அப்டித்தான். கண்ணுல தண்ணி வருதா? அப்ப ஒழுங்கா எடுத்துக்கிறாங்கன்னு அர்த்தம். காத்தால எனக்கு எடுக்கசொல்ல மூளையவே தொட்டுட்டாங்களோன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கு எடுத்தத நீங்க பாத்திருக்கணுமே! அந்தப் பொண்ணு கையில இருந்த குச்சியப் புடுங்கிக்கினு, குடும்மா, எம் மூக்கு எனக்குத் தெரியாதா, நானே வுட்டுக்கிறேன்னுது!

சாயந்தரம் வந்து ரிப்போட்டு வாங்கிக்கச் சொன்னாங்களா? அதுவரைக்கும் இந்த வெயில்ல எங்க போவீங்க? ஒக்காருங்க. தள்ளித்தான் ஒக்காந்துக்கினு இருக்கேன், பயப்படாதீங்க. எங்கண்ணே பயணம்? மஸ்கட்டா! நாளன்னிக்கி காத்தால பிளைட்டா? அடடே, அது நம்ம பிளைட்டுண்ணே! சென்னையிலேர்ந்து நேரா போறது தான?

ஊரு? மணலூர்பேட்டையா, பக்கந்தான். நாங்க மேல. கல்வராயன் மலை. வெள்ளிமலையில எறங்கி இன்னும் உள்ள போவணும். மஸ்கட்டுல எத்தினி வருஷமா இருக்கீங்க? அவ்ளோ வருஷமா! அப்ப ஏர்போர்ட்டெல்லாம் உங்களுக்கு நம்ம கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு மாதிரி. நல்லது நல்லது. இல்ல, சும்மா கேட்டேன்.

எங்கம்மாவா? அதோ, வெளிய வேப்பமரத்தடில, ஊதாப் பொடவ. ஆமா, ரெண்டு மாஸ்க்கு போட்டுக்கினு இருக்குதே அதுதான். ஒன்னு போதும்மான்னா கேக்காது. இப்ப இதுக்கு மேல யாரு ஜாக்கிரதயா இருப்பாங்கன்ற மாதிரி கீது. இதே அம்மா ஊசி போட வந்தாங்கன்னு சாமக் கொல்லைக்குள்ள ஓடி ஒளிஞ்சது தெரியுமா? நர்சம்மா தேடிக்கினு போனா, கதிருக்கு நடுவுல தல மட்டும் தெரியுது. நான் ஊர்ல இல்லன்னு அங்கேர்ந்தே சத்தமா சொல்லுது!

அப்பால எப்டி போட்டுக்கிச்சா? எங்கக்கா போன் பண்ணா. வளர்மதின்னு பேரு, மஸ்கட்டுல நர்சா இருக்கா. எம்மா, நான் முழுவாம இருக்கேன்னா. ஊசி போட்டாத்தான் இங்க வர வுடுவாங்களாம்னா. அவ்ளோதான். மறுநாளே எங்கம்மா தானா நடந்து போயி, கைய நீட்டிக்கினு நிக்கிது. ரெண்டையும் இப்பவே போட்டு வுட்டுடும்மான்னுதாம்.

மொதப் பிரசவம் தாய் வூட்டுல தானண்ணே? அவள இங்க வரச் சொன்னா, இந்த நேரத்துல பிளைட்டு ஏறக் கூடாதுன்னு அங்க டாக்டரம்மா சொல்லிடுச்சி. அதான் தாய் வூடே பிளைட்டு ஏறுது!

சிரிக்கிறீங்க. ஆனா போன வருஷம் ஒன்னு அவளுக்குத் தங்கலண்ணே. பிளைட்டெல்லாம் நின்னு போயிருந்த நேரம். மாமாவுக்கு வேற ஊர்ல வேல, வர முடியாம மாட்டிக்கினாரு. ஒத்தையா ஆஸ்பத்திரில படுத்துக்கினு போன் பண்ணா. எங்க ஊர்ல மொட்டப் பாறை மேல ஏறினாத்தான் டவரு கெடைக்கும். எங்கம்மா பாறை மேல நின்னுக்கினு, அழாதடி அழாதடின்னே சொல்லிக்கினு இருந்துச்சு. சார்ஜு தீந்து போன் ஆஃப் ஆயிடுச்சு, அப்பவும் காதுலேர்ந்து எடுக்கல. அன்னிக்கே சொல்லிடுச்சு, அடுத்த தடவ நான் அவ பக்கத்துல இருப்பேன்னு. இப்ப நாள் நெருங்கிடுச்சு. இந்தப் பிளைட்ட வுட்டா அடுத்ததுக்குள்ள கொழந்த பொறந்துடும். அதான் விசயம்.

ரூலா? ஐயோ அண்ணே, என்னக் கேளுங்க! காத்தால ஒரு ரூலு, சாயந்தரம் ஒரு ரூலு. ஊசி எத்தினி, அதுக்கப்பறம் எத்தினி நாளு, டெஸ்ட்டு எப்ப, க்யூஆர் கோடு இருக்குதா, அந்த நாட்டு ஆப்புல பதிஞ்சாச்சா... ஆடு மேய்க்கப் போவசொல்லகூட நான் ரூலு படிச்சிக்கினு தான் போவேன். ஆடு பாட்டுக்கு அடுத்தவன் கொல்லையில மேஞ்சிக்கினு இருக்கும், நான் பாட்டுக்கு பாறை மேல நின்னுக்கினு, எப்பா, குவாரண்டைன எடுத்துட்டாங்கன்னு கத்துவேன். எங்கப்பா அதெல்லாம் வுட்டுட்டு, ஆட்ட எங்கடீன்னு கேக்கும்.

எல்லாத்தையும் வுட பெரிய கூத்து எது தெரியுமா? பேருண்ணே, பேரு. எங்க ஊர்ல கல்ல வுட்டா ஒன்னு கரியன் மேல வுழும், இல்லனா சாலம்மா மேல வுழும். சாமி பேரு, பாட்டன் பூட்டி பேருன்னு அதையே திருப்பித் திருப்பி வெப்பாங்க. என் பேரு அருள்மொழி, அது பள்ளிக்கூடத்து வாத்தியாரு வெச்சது, இல்லனா நானும் ஒரு சாலம்மா தான். எங்கம்மா சாலம்மா. மேல்வூட்ல ஒரு சாலம்மா. ஓடையாண்ட ஒரு சாலம்மா. ஊர்ல டவரு புடிக்கிற போனு என்னுது ஒன்னுதான், அதனால மூனு பேரையும் என் நம்பர்லயே பதிஞ்சிட்டாங்க.

இன்னா ஆயிருக்கும் சொல்லுங்க? அதேதான்! அம்மா கைய நீட்டி வாங்கிக்கின ரெண்டாவது ஊசி, மேல்வூட்டு சாலம்மா பேர்ல போயி ஏறிடுச்சு. எங்கம்மாவுக்கு சர்ட்டிபிகேட்ல ஒரு ஊசி தான். அங்க ரெண்டு இருந்தாத்தான் உள்ள வுடுவான்.

சரி, மாத்திக்கலாம்னு அந்த அத்தகிட்ட போனா, அது வர மாட்டேங்குது! ஏன்னு கேளுங்க. மாத்துனா அதுக்கு மறுபடி ஒரு ஊசி போடணும்ல! எனக்கு ரெண்டும் முடிஞ்சிட்ச்சின்னு கெவருமெண்டே மெசேஜ் அனுப்பிட்ச்சி, உங்கம்மாவுக்கு வேணும்னா இன்னொன்னு போட்டுக்கச் சொல்லுன்னுச்சு. எங்கம்மாவும், அதுக்கின்னாடி, இன்னொன்னு போட்டுக்கிறேன்னு கெளம்பிடுச்சு! நான் தான் கையப் புடிச்சி நிறுத்தினேன்.

அந்த அத்தய எப்டி கூட்டிக்கினு வந்தேன்னா கேக்குறீங்க? மஸ்கட்டுலேர்ந்து தல வலி தைலம் வாங்கியாரச் சொல்றேன்னேன். ம்ஹூம். செண்ட்டுன்னேன். செண்ட்டுன்னதும் நின்னுச்சு. அதப் போட்டுக்கினு சந்தைக்கு வந்தா ஊரே திரும்பிப் பாக்கும் அத்தேன்னேன். எந்தக் கையில போடுவாங்கன்னு கேட்டுச்சு! ரெண்டு சாலம்மாவையும் ஒரே ஜீப்புல ஏத்திக்கினு ஆரம்ப சுகாதார நிலயத்துக்குப் போயி, ரெண்டு பேரு ஆதாரையும் காட்டி, அலைஞ்சி, திரும்ப அலைஞ்சி, மாத்தி வாங்கினேன். சர்ட்டிபிகேட்டு கையில வந்த அன்னிக்கி நான் ஆஸ்பத்திரி வாசல்லயே குதிச்சேண்ணே. நெசமா குதிச்சேன். செருப்பு அந்துபோச்சு.

மூட்டையில இன்னா இருக்குதா? அத ஏன் கேக்குறீங்க. சாம அரிசி, பூண்டு, பிரசவ மருந்து, தேனு. கோழி ஒன்னு கொண்டுகினு போலாமான்னு கேட்டுச்சு, உயிரோட. நான் ஒரு பார்வ பாத்தேன். அதுவே வெச்சிட்டுச்சு. ஆனா மருந்துப் பொட்டலத்துக்கு நடுவுல ஒரு சின்ன முடிச்சு. இன்னாம்மா இதுன்னா, கசகசா! உங்களுக்குத் தெரியும்ல? பின்ன! அங்க அது போதை மருந்துக் கணக்கும்மா, புடிச்சா ஜெயிலும்மான்னேன். பெத்தவளுக்குத் தேங்காயோட அரச்சிக் குடுக்கிறதுக்கு எவன்டி ஜெயில்ல போடுவான்னு ஒரே சண்ட. மூட்டைய மொத்தமா கொட்டி, பையத் திருப்பி ஒதறி, தையல் ஓரமெல்லாம் தடவிப் பாத்துட்டேண்ணே. ஒரு மணி கூட கெடையாது. நீங்க தைரியமா இருக்கலாம்.

ஏன் நீங்களா? இல்ல... பொதுவா சொன்னேன்.

டிரெய்னிங்கெல்லாம் குடுத்துட்டேன். ஜீப்புல முன்னாடி ஒக்கார வெச்சி பெல்ட்டு போட. மாஸ்க்க எப்ப எறக்கி மூஞ்சக் காட்டணும். நான் ஆபீசரு மாதிரி ஒக்காந்துக்கினு, எதுக்கு வந்தீங்கன்னு வெறப்பா கேட்டேன். எங்கம்மா, எம் பொண்ணு வூட்டுக்கு நான் வரேன், நீ யாரு நடுவுலங்குது! எம்மா, அப்டி சொல்லக் கூடாது, அக்கா அனுப்பின விசா பேப்பரக் காட்டிட்டு கம்முனு நிக்கணும்னேன். சரின்னுச்சு. திருப்பிக் கேட்டா, நீ மொதல்ல சாப்டியா, மூஞ்சி வாடிக் கீதேன்னு ஆபீசரையே கேக்குது. நெறய பேசும், ஆனா தங்கம். யாரையும் தொல்ல பண்ணாது. பிளைட்டுல ஜன்னலோரம் ஒக்கார வெச்சிட்டா கீழயே பாத்துக்கினு வந்துடும்.

கூப்புடுறாங்களா? சாலம்மாவா? இருங்க இருங்க, வந்துடறேன்!

அண்ணே! நெகட்டிவ்வு! நெகட்டிவ்வுண்ணே! பாருங்க, க்யூஆர் கோடு கீது, பாஸ்போட்டுல இருக்கிற மாதிரியே பேரு, பொறந்த தேதி, எல்லாம் கரெக்ட்டு! எம்மா! எம்மோவ்! ஆமா, இல்லயாம்! ஒனக்கு ஒன்னும் இல்லயாம்! அதான் நல்லதும்மா! இரு, அங்கயே இரு, நான் வரேன். பாருங்க, மரத்தையே கையெடுத்துக் கும்புடுது.

என்னுதா? என் ரிப்போட்டா?

அது வருண்ணே, அப்பால. வந்தாலும் ஒன்னு, வராட்டியும் ஒன்னு. எனக்கு டிக்கெட்டே இல்லண்ணே.

இல்லண்ணே, வெளையாடல. எங்கம்மாவுக்கு ரூலு படிச்சேன், மேல்வூட்டு சாலம்மாவுக்குக் கூட படிச்சேன், எனக்குப் படிக்கல. நான் தான் மொத ஆளா காலேஜுல போட்டுக்கினவளாச்சே, நமக்கின்னா பாக்க வேண்டி கெடக்குதுன்னு வுட்டுட்டேன். எனக்குப் போட்டது வேற கம்பெனி ஊசி. அது இன்னும் அந்த நாட்டு லிஸ்ட்டுல ஏறல. டிக்கெட்டு போட ஒக்காந்தப்பத்தான் பாத்தேன். திரும்பத் திரும்ப பாத்தேன். இல்ல. சரின்னு எங்கம்மாவுக்கு மட்டும் போட்டுட்டேன்.

அதுக்குத் தெரியாதுண்ணே. நீ வந்தாத்தான் வருவேன்னு மொத நாளே சொல்லிடுச்சு. கள்ளக்குறிச்சி தாண்டுனதே கெடையாது அது. ஒத்தையாப் போவணும்னு இப்ப சொன்னா, மூட்டையத் தூக்கிக்கினு நேரா மலைக்கு பஸ்ஸு ஏறிடும். அதான் அது எதிர்லயே நானும் மூக்கக் காட்டினேன். அந்தா இருக்குதே, சேப்புப் பை, அது என்னுது. தூக்கிப் பாருங்க. சும்மா தூக்குங்க. தலவாணிண்ணே, ரெண்டு தலவாணி.

ஏர்போர்ட்டு வாசல்ல சொல்லிக்கலாம். அங்க நின்னா, அக்கா நெனப்பு வந்துடும், திரும்பாது. ஆனா பக்கத்துல ஒரு ஆளு வேணும்ல, கையப் புடிச்சி உள்ள கூட்டிக்கினு போவ.

நீங்க கவுண்டர்ல பிளைட்டு சொன்னப்பவே நான் காதுல வாங்கிட்டேண்ணே. அப்பறந்தான் தும்முனீங்க.

பெல்ட்டு அதுவே போட்டுக்கும். ஆபீசருகிட்ட மட்டும் நீங்க கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க, அவர சாப்டியான்னு கேக்காம பாத்துக்குங்க. வெளிய அக்கா நிப்பா. வயித்தப் பாத்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிடும். அவ கையில வுட்டுட்டு நீங்க போயிக்கினே இருக்கலாம்.

தலய ஆட்டுறீங்களே, சரின்னு தான? சரின்னு தானண்ணே?

ஐயோ, வந்துட்டுது. பைய வெச்சிடுங்க, வெச்சிடுங்க.

வாம்மா, வா, இப்டி ஒக்காரு. இந்த அண்ணன் மணலூர்பேட்டை. மஸ்கட்டுக்குத்தான் போறாராம். ஆமாம்மா, நம்ம கூடத்தான்.