பசியாறுறதுக்கு முன்னாடி

– கையை நீட்டு. நீட்டுன்னா நீட்டு! இந்தா உன் மாத்திரை. மிச்சத்த நீயே முழுங்கு.

– அக்கா, மருந்த வீசாதீங்க. மருந்துக் கடையில ஆளுங்க நிக்கிறாங்க. யாரு நீங்க?

– நிக்கட்டும், நல்லாக் கேக்கட்டும். பக்கிரிசாமி பொஞ்சாதி நான், புஷ்பவள்ளி. போன வாரம் இதே மேசையில வந்து புது மாத்திரை வாங்கிட்டுப் போனாரே, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுற மனுசன். ஞாபகம் இருக்கா கிளாரன்சு?

– இனிப்புநீர் பக்கிரிசாமி அண்ணனா? இருக்குலா. என்ன ஆச்சு?

– என்னா ஆச்சா! நேத்து மரத்தடியிலயே விழுந்துட்டாரு. சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில கெடக்காரு. கண்ணு தொறந்திருக்கு. என்னையத் தெரியல.

– ஏசுவே...

– உன் ஏசுவ அப்புறம் கூப்புடு. மொதல்ல எனக்குப் பதில் சொல்லு.

– பாருங்க அக்கா, அது டாக்டர் எழுதுன மருந்து. நான் எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா? "கள்ளை விடுங்க அண்ணே, கோப்பியில சீனி போடாதீங்க அண்ணே"ன்னு எட்டு மாசமா ஓதுனது டாக்டரா? நீதானே! அந்த மனுசனும் அத வேதவாக்கா எடுத்துக்கிட்டுக் கள்ளுக்கடைப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. இப்ப தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற கிராணி என்னா எழுதியிருக்கான் தெரியுமா? மாபோக்காம்! குடிச்சிட்டு வேலையில விழுந்தாராம். வேலையும் இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள லயத்து வூட்டையும் காலி பண்ணணுமாம்.

– அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

– எழுதிக் குடு. உன் மருந்தாலதான் விழுந்தாரு, கள்ளால இல்லன்னு தொரைக்கு இங்கிலீசுல எழுதிக் குடு.

– அது முடியாது. சும்மா எழுதுனா என் லைசென்சு போயிடும். அவருதான் மாத்திரைய ஏறுக்குமாறா போட்டிருப்பாரு.

– ஏறுக்குமாறாவா? நீ என்னா சொன்னே?

– பசியாறுறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டு தடவ சொன்னேன். பொட்டலத்துலயும் எழுதியிருக்கு.

– அப்படித்தான் போட்டாரு! நாலரைக்கு, மூஞ்சி கழுவுன கையோட. அப்புறம் உன் சீனியில்லாத கோப்பி. நேரா பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போயிட்டாரு. மொத நாளே தல கிறுகிறுங்குதுன்னாரு. மருந்து வேல செய்யுதுன்னு நெனச்சோம்.

– நாலரைக்கேவா? எத்தன மணிக்குப் பசியாறுனாரு?

– இதென்னா கேள்வி? தோட்டத்துல எல்லாரும் எப்பப் பசியாறுவாங்க? மரமெல்லாம் வெட்டி முடிச்சு, பத்து மணிக்கு!

– பத்து மணிக்கா...

– உனக்கென்னா, பாக்கார் ஆராங்குல கல்லு வூடு, ஏறிப் போக வாசல்ல காடி. எந்திரிச்சதும் ரொட்டியக் கொண்டாந்து வெப்பாங்க. எங்களுக்குப் பசியாறுறது பத்து மணிக்குன்னு தெரியாம பினாங்குல என்னாத்தப் படிச்சே நீ?

– கத்தாதீங்க. தெரியல, போதுமா? அது ரத்தத்துல சீனியக் கொறைக்கிற மாத்திரை. போட்ட அரை மணி நேரத்துல சாப்பிட்டிருக்கணும். எப்பச் சாப்பிடுவீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல.

– கேக்கல. நீ கேக்காததுக்கு என் புருசன் கெடக்காரு.

– ஆனா மிட்டாய் குடுத்தேன்ல? வேர்த்து நடுங்குனா உடனே வாயில போடுங்கன்னு அவரு சட்டைப் பையில நானே போட்டு விட்டேன்.

– அதச் சின்னவ எடுத்துத் தின்னுட்டா. மருந்து மிட்டாயின்னு புள்ளைக்குத் தெரியுமா?

– சரி. உக்காருங்க.

– உக்கார வரல. எழுது.

– எழுதுறேன்னுதானே பேனாவ எடுத்திருக்கேன்! லைசென்சு போனாப் போவட்டும். மாத்திரை நாலரைக்கு. விழுந்தது?

– எட்டு இருக்கும்.

– ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது?

– பத்தரை.

– ரெண்டரை மணி நேரமா? பக்கத்து நெரை மரத்துல பால் வெட்ட யாருமே இல்லியா?

– எழுதுன்னு சொன்னேன்ல.

– இன்னும் ஒண்ணே ஒண்ணு. மிட்டாய் இல்லாட்டி யாருகிட்டயாவது இனிப்பு கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். அப்படிக் கேட்டிருந்தாருன்னா எழுதிடறேன். குடிச்சு விழுந்தவன் இனிப்பா கேப்பான்? தொரை வாய அடைச்சிடலாம். கேட்டாரா?

– அது வேணாம். நேரத்த மட்டும் எழுது.

– அக்கா? யாருகிட்டயாவது கேட்டாரா?

– கேட்டாரு. பக்கத்து நெரையில நின்ன என் காலப் புடிச்சுக்கிட்டு, "இனிப்பு வள்ளி, இனிப்பு"ன்னு என்கிட்டத்தான் கேட்டாரு. புள்ளைங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க வூட்டுல கள்ளுக்கு அவரு வெச்ச பேரு அது, தம்பி. மறுபடியும் ஆரம்பிச்சிட்டியான்னு கால உதறிட்டு, நான் அடுத்த மரத்த வெட்டப் போயிட்டேன்.