அமீருலின் இடத்தில்

“ஹலோ... ஹலோ... ஆமா, சக்கீனாதான் பேசுறேன்... எந்த அமீருல்?... ஆமா, என் தம்பிதான்... போதும்லா, நிறுத்துங்க. தம்பி எங்ககிட்ட இருக்கான், காசு அனுப்புன்னு இதுக்கு முன்னால ரெண்டு பேரு பேசிட்டாங்க. வேற வேல இல்லையா உங்களுக்கு? வெக்கிறேன்.”

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? சக்கீனா கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மீன் குழம்பைப் பைகளில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுடைய சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்துவிட்ட நேரம். ஈப்போ பழைய டவுன் முழுக்க மழைக்கு முந்தின புழுக்கம். தம்பி அமீருல், கம்ப்யூட்டர் வேலை, கை நிறைய சம்பளம் என்று எவனோ சொன்னதை நம்பி எல்லை தாண்டிப் போனவன். போன நாட்டில் பட்டாளமும் மலைக்காரப் படையும் ஒன்றையொன்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பூட்டிய கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டான். முதல் வருஷம் இவள் அழுதாள், சண்டை போட்டாள், நேர்ச்சை வைத்தாள். அப்புறம் எல்லாம் தீர்ந்துபோனது. இப்போது அவன் பெயரைக் கேட்டால், பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, ஒன்றும் தெரிவதில்லை.

“... தூதரகமா? நெசமாவா?... மன்னிக்கணும் துவான். சொல்லுங்க... கேக்குது, கேக்குது.”

பேசியவர் மலாய் அதிகாரி; துவான் என்றது அவரைத்தான், ஐயா என்கிற மாதிரி. அவளும் மலாய்க்கு மாறிவிட்டாள். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

“ஆமா துவான், டிவில பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்... இன்னைக்கு சாயங்காலமே கையெழுத்தா?... ஆமா... ஆமா... வெளிநாட்டுப் பிள்ளைங்கள மொதல்ல விட்டுருவாங்க... எல்லாரையுமா?... ஓ, வீட்டுல இருந்து பேரு குடுத்த பிள்ளைங்கள மட்டும்... சரி... சொந்தக்காரங்க போன்ல பேசி, இது எங்க பிள்ளதான்னு சொல்லணும். சொன்னாத்தான் பஸ்ல ஏத்துவாங்க. புரியிது. சொல்லலேன்னா?... அடுத்த சுத்துப் பேச்சு வரைக்கும் அங்கயே கெடக்கணுமா. போன சுத்து பாதியில முறிஞ்சு, மறுநாளே குண்டு போட்டாங்களே துவான்... இல்ல, சும்மா கேட்டேன். குடுங்க அவன்கிட்ட.”

சுவரில் இருந்த டிவியில் அந்தப் பேச்சுவார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. நீள மேசை, இந்தப் பக்கம் சீருடை, அந்தப் பக்கம் சீருடை, நடுவில் கோட்டுப் போட்ட சமாதானக்காரர்கள். பாதுகாப்பு, அரசியல் நல்லிணக்கம் என்று கீழே எழுத்து ஓடியது. ஒரு வாரமாக இதே படம். மேசைமேல் இருந்த பூ மட்டும் மாறியது. பெரிய மனிதர்கள் கல்யாணப் பந்தலில் சம்பந்தி சண்டை போடுகிற மாதிரி, யார் முதலில் உட்காருவது என்றே மூன்று நாள் பேசினார்கள். ஆனால் சக்கீனாவின் வாப்பா மீரா சாஹிப் ஒரு நாள் தவறாமல் பார்த்தார். அவருக்குக் காது மந்தம். தேத்தண்ணி ஆற்றும் இடத்திலிருந்து, அந்தக் கோட்டுக்காரர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

“ஹலோ... தம்பியா?... கேக்கல, சத்தமாப் பேசு... ஆமா, நான்தான்... என்னா தொண்ட இப்படிக் கட்டியிருக்கு?... சரி, இரு. ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லு. வாப்பா தே எப்படிக் குடிப்பாரு?”

பை கட்டிய கை நின்றது.

“... பால் இல்லாம... சீனியும் இல்லாம... ஆமா... உப்புக்கல்லு ஒன்னு. சரி. நம்ம கடைப் பின்வாசல்ல என்னா மரம்?... கருவேப்பில. லோரி இடிச்சு சாஞ்சதுகூடத் தெரியுதா... அதுவும் சரிதான். எல்லாம் சரியாத்தான் சொல்ற...

“இரு, இரு. இப்ப என்னைய என்னான்னு கூப்பிட்ட?... இல்ல, மொதல்லயும் அப்படித்தான் கூப்பிட்ட. அக்காவா?”

அவர்கள் வீட்டில் மூத்தவளுக்கு லாத்தா என்றுதான் பெயர். அமீருல் வாய் திறந்த நாளிலிருந்து லாத்தாதான். தட்டைத் தூக்கி எறிந்து சண்டை போட்டாலும் ‘போ லாத்தா’ என்றுதான் சண்டை போடுவான். வெளியாட்களிடம் பேசும்போது மட்டும் ‘எங்க அக்கா’ என்பான், அவர்களுக்குப் புரியவேண்டுமே என்று. அதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட எவனோதான் இப்போது பேசுகிறான். எஸ்டேட்டு வீட்டுப் பிள்ளை எவனாவது இருக்கும். அவன் பாவம், மரியாதையாகத்தான் கூப்பிட்டிருக்கிறான். மற்றதெல்லாம் பாடமாக வைத்திருந்தவன் இதில் போய் வழுக்கி விழுந்தான்.

“யாரு நீ?... அழாத. யாருன்னு கேட்டேன்... அந்தத் துவானுக்குத் தமிழ் தெரியுமா?... பக்கத்துல வேற யாரும் இருக்காங்களா?... அப்ப உண்மையச் சொல்லு.

“... தனேஷ். எந்த ஊரு?... சுங்கை சிப்புட்டா? இந்தா, பக்கத்து ஊருதானேலா... அமீருல் கூட ஒரே ரூமு... ஆமா... ஆமா... சரி, கதையெல்லாம் அப்புறம். போன அவன்கிட்ட குடு... குடுன்னு சொல்றேன்ல?”

அவன் சொன்னதைக் கேட்டாள். குழம்பு ஊற்றிக் கட்டிவைத்த பையை எடுத்து, அதன்மேல் இன்னொரு ரப்பர் பேண்டைப் போட்டாள். பிறகு இன்னொன்று.

“எப்ப?... நோன்புலயா... காச்சலா... மருந்து இல்ல... ரெண்டு பக்கமும் ரோட்ட அடைச்சிட்டாங்க. ஆமா, அப்ப டிவில சொன்னாங்க. மருந்து லோரியெல்லாம் நிக்கிதுன்னு காட்டுனாங்க... நான் பெருநாளுக்கு அவனுக்கு பாஜு தைச்சு வெச்சேன். ஊதா கலரு. கை நீளம் சரியா இருக்குமோன்னு... இல்லப்பா, ஒன்னுமில்ல. நீ சொல்லு.

“குளிப்பாட்டுனது யாரு?... நீயா. தண்ணி இருந்துச்சா?... மழைத் தண்ணி. சரி. துணி?... சரி, சரி. மொகத்த எந்தப் பக்கம் திருப்பி வெச்ச?... அவன் தொழுவுற பக்கம். தெனம் பாத்திருக்க, அதனால தெரிஞ்சுச்சு... அது போதும்பா. அது போதும்.”

கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அழவேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. எங்கே போய்த் தேடுவது? தம்பி மண்ணுக்குள் போய்விட்டான், தான் இங்கே மீன் குழம்பு கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். யாரோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் மாதிரி இருந்தது.

“அவன் போயிட்டான். நீ மட்டும் எப்படிப் பொழச்ச?”

கேட்ட பிறகுதான், தான் கேட்டது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு நொடி அவளுக்கு அந்தப் பையன்மேல் அப்படி ஒரு வெறுப்பு. அவன் மூச்சு விடுகிற சத்தம் போனில் கேட்டது. அந்த மூச்சைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

“... இல்ல. நான் ஒன்னும் சொல்லல. அத மறந்துரு. ஒனக்கு வீட்டுல யாரு இருக்கா?... அம்மா இல்லையா. அப்பா ராமையா, லோரி ஓட்டுறாரு... அவரு ஒன் பேரக் குடுக்கலையா?... ஜொகூர்ல வேலைன்னு சொல்லிட்டுப் போனியா? அடப்பாவி! அந்த மனுசன் நீ ஜொகூர்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு... அமீருல் பாஸ்போர்ட்டு ஒன்கிட்ட எப்படி வந்துச்சு?... அவனே குடுத்தானா, அந்தக் காச்சல்ல... பாத்தா தெரியாதா அவங்களுக்கு?... ஆமா, தாடியும் எலும்புமா எல்லாம் ஒரே மாதிரிதான் இருப்பீங்க... என்னா சொல்லிக் குடுத்தான்?... என்னைய நம்பலாம்னு சொன்னானா. ம்... எது நடந்தாலும் எங்கக்கா மொதல்ல பசியாறிட்டியான்னுதான் கேக்கும்னு... அப்படியா சொன்னான்?... ஆமா. இன்னும் கேக்கல நான்.”

அதிகாரி போனைத் திரும்ப வாங்கப் போகிறார். இல்லை, இவன் என் தம்பி இல்லை என்றால் அது சுத்தமான உண்மை. உண்மையைச் சொன்ன மறுநிமிஷம் தனேஷ் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பவேண்டும், மேசைக்காரர்களின் அடுத்த சுற்று வரைக்கும். ஆமாம் என்றால் பஸ்ஸில் அமீருலின் இடத்தில் இன்னொருவன் உட்காருவான். அவ்வளவு பேர் கூடி, அவ்வளவு பூ வாங்கி வைத்துப் பேசியும் முடிவாகாததை, இவள் ஒரு மூச்சில் முடிவு செய்யவேண்டியிருந்தது.

“யா, துவான்... பேசினேன்... ஆமா, நல்லாத்தான் பேசினான்... சத்தியமாவா?”

முந்தின நாள் மீனை இன்றைக்குப் பிடித்தது என்று விற்க வந்தவனைக்கூட, அல்லா பேரை இழுக்காதே என்று விரட்டியவள் இவள்.

“வல்லாஹி, துவான். அது என் தம்பிதான். அமீருல்தான்.”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். தே ஆற்றும் இடத்தில் மீரா சாஹிப்பின் கை அந்தரத்தில் நின்றது; மேல் குவளையிலிருந்து விழுந்த தே கீழ்க் குவளைக்குப் போகாமல் தரையில் கொட்டியது. மற்ற எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. மகன் பெயர் கேட்டுவிட்டது.

“தெரிமா காசே, துவான், ரொம்ப நன்றி... ஒரு நிமிசம் அவன்கிட்ட குடுங்க... ஹலோ. தனேஷ், கேளு. அழுதுக்க, பரவால்ல. ஆனா சந்தோசத்துல அழுவுறவன் மாதிரி அழு, அவங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க. மொதல்ல பஸ்ல ஏறு. இங்க வந்து எறங்குற வரைக்கும் நீ அமீருல். வந்ததும் உண்மைய நான் சொல்லிக்கிறேன், வர்ற அடிய நான் வாங்கிக்கிறேன்... காலெல்லாம் விழ வேணாம்... என்னைய அக்கான்னு மட்டும் கூப்பிடாத. லாத்தா... ம்... எங்க, இன்னொரு தடவ... ஆமா, அப்படித்தான். இன்னொரு...”

லைன் கட்டாகிவிட்டது.

அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மீரா சாஹிப் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சமையல்கட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். வாப்பா அவள் முன்னால் வந்து நின்று, போனைக் கொடு என்று கையை நீட்டினார். அவள் பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அவருக்கு மகன் இருக்கிறான். அவள் பேசினாள்.

“ஆமா தம்பி... கேக்குது, சொல்லு... வாப்பா பக்கத்துலதான் நிக்கிறாரு... குடுக்குறேன், குடுக்குறேன். இரு, ஒன்னே ஒன்னு கேட்டுக்கிறேன்... பசியாறிட்டியா?... ம்... ம்... ஆமா... ஆமா...”