ஐந்தருவியில் விழுந்த ஜெர்மன் இடி

ஞானதிரவியம்: ...அந்த இடி நேரா ஐந்தருவிப் பாறையில விழுந்துச்சு. நான் குப்புறக் கெடக்கேன். ‘ஆண்டவரே, உசிரு பிழைச்சா ஊழியத்துக்கு வாரேன்’னு பொருத்தனை பண்ணுனேன். எழுதிட்டியா?

கிரேஸ்: எழுதலை.

ஞானதிரவியம்: ஏன்?

கிரேஸ்: அது மார்ட்டின் லூத்தர் பக்கத்துல விழுந்த இடி. ஜெர்மனியில விழுந்ததை நீங்க குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க.

ஞானதிரவியம்: ஏன், குத்தாலத்துல இடியே விழாதோ?

கிரேஸ்: விழும். உங்க கிட்ட விழலை. நாப்பது வருஷம் போதகர் பொண்டாட்டி, ஐயரம்மான்னு முன் பெஞ்சுல உக்காந்து உங்க பிரசங்கத்தைக் கேட்டவ நான். லூத்தரை நினைக்குத சீர்திருத்த ஞாயிறு வந்தா, வருஷா வருஷம் அந்த இடி தவறாம விழும்.

ஞானதிரவியம்: சரி, விடு. ஆனா என் ஜீவிய சரித்திரத்தை நாமளே எழுதி வச்சிரணும் கிரேஸ். நான் போன பொறவு அடக்க ஆராதனையில வாசிப்பாங்கல்லா. சபைச் செயலாளர் எழுதுனா ‘பிறந்தார், படித்தார், மரித்தார்’னு ஒண்ணரை நிமிஷத்துல முடிச்சிருவாரு.

கிரேஸ்: சனங்க சந்தோசமாத்தான் வீட்டுக்குப் போவாங்க.

ஞானதிரவியம்: நக்கலு... எழுதுட்டி. எனக்கு அஞ்சு வயசு. வீடு தீப்பிடிச்சிட்டு. எல்லாரும் வெளிய வந்தாச்சு, நான் மட்டும் மாடியில. ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறி, சன்னல் வழியா...

கிரேஸ்: அது இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லி.

ஞானதிரவியம்: ...என்னைத் தூக்குனாங்க.

கிரேஸ்: சுரண்டையில உங்க அப்பா கட்டுனது ஓலை வீடு. அதுல மாடி எங்கன இருந்துச்சு? தீப்பிடிச்சிருந்தா நீங்க பாட்டுக்கு நடந்து வந்திருக்கலாம்.

ஞானதிரவியம்: அப்ப... பதினஞ்சு வயசுல ஒரு ஞாயித்துக்கிழமை. தென்காசியில நல்ல சாரல். போக வேண்டிய வேதக்கோயிலுக்குப் போக முடியாம ஒரு சின்னக் கோயில்ல ஒதுங்குதேன். அங்க ஐயரும் வரலை. யாரோ ஒரு ஒல்லி ஆளு பிரசங்கம் பண்ணுதாரு...

கிரேஸ்: அது ஸ்பர்ஜன் போதகர். அவருக்குப் பனி, உங்களுக்குச் சாரல். ஊருக்குத் தக்கன மாத்தியிருக்கீங்க, அதுவரைக்கும் சரி.

ஞானதிரவியம்: எல்லாத்துக்கும் ஒரு ஆள் வச்சிருக்கியே.

கிரேஸ்: நீங்க சொல்லித் தந்த ஆளுகதான். ஆனா பெரிய போதகர்மார் கதையில பொண்டாட்டிமாரை மட்டும் நைசா விட்டுருவீங்க. வெஸ்லி சம்சாரம் கோவிச்சிட்டுப் போனதும், அவ செத்தது, அவளை அடக்கம் பண்ணுன பொறவுதான் அவருக்குத் தெரிஞ்சதும் உங்க வாயில ஒரு நாளும் வரலை.

ஞானதிரவியம்: லூத்தர் சம்சாரத்தைச் சொல்லியிருக்கேன்லா.

கிரேஸ்: ஆமா, கத்தரீனா. கன்னிமாடத்துல இருந்து மீன் பீப்பா ஏத்துன வண்டியில ஒளிஞ்சு தப்பிச்சவ. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்த மீன் வண்டியை ஓட்டிட்டு வந்துருவீங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் மூக்கைப் பொத்தாத குறை.

ஞானதிரவியம்: இப்ப நான் என்னதான் சொல்லணும்ங்குத?

கிரேஸ்: உங்க சொந்தச் சரக்குல ஒண்ணு. புளியறையில லாரி கவுந்தப்ப, அடிபட்ட டிரைவர் பீர் மைதீனை சைக்கிள்ல உக்கார வச்சு, செங்கோட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிட்டே போனது யாரு? அது எந்த ஜெர்மன்காரரு?

ஞானதிரவியம்: ...யாரு?

கிரேஸ்: நல்லா யோசிச்சுப் பாருங்க.

ஞானதிரவியம்: நீயே சொல்லிரு.

கிரேஸ்: நீங்கதான். அதுக்குத்தானே வருஷா வருஷம் பெருநாளைக்கு அவங்க வீட்டுல இருந்து பிரியாணி வருது.

ஞானதிரவியம்: பிரியாணி வருது... அது ஞாபகம் இருக்கு.

கிரேஸ்: அது எப்படி மறக்கும். சரி, இன்னொண்ணு கேக்கேன். நம்ம கல்யாணத்தன்னைக்கி நான் எப்படி வந்து சேந்தேன்?

ஞானதிரவியம்: இது கூடவா தெரியாது?

கிரேஸ்: சொல்லுங்க, கேப்போம்.

ஞானதிரவியம்: நீ... மடத்துல இருந்து... ராத்திரியோட ராத்திரியா... ஒரு வண்டியில...

கிரேஸ்: என்ன வண்டி?

ஞானதிரவியம்: மீன்... இல்ல. கிரேஸ், அது நீ இல்லையா?

கிரேஸ்: நான் இல்லை. நான் சிவகிரியில இருந்து பஸ்ல வந்தேன். வழியில டயர் பஞ்சர். நீங்க கோயில் வாசல்ல மூணு மணி நேரம் மாலையும் கையுமா நின்னீங்க. மாலையில பூவெல்லாம் உதிர்ந்து, கடைசியில எனக்கு வெறும் நாரைத்தான் போட்டீங்க.

ஞானதிரவியம்: நாரு... அப்படியா. நல்லா இருக்கே. அதை எழுது.

கிரேஸ்: ம்.

ஞானதிரவியம்: கிரேஸ்... ஒண்ணு சொல்லுதேன், பயப்படாத. இது அடக்கத்துக்கு வாசிக்க இல்ல. கொஞ்ச நாளா எனக்கு எது நான், எது லூத்தர், எது வெஸ்லின்னு பிரிக்கத் தெரியலை. பிரசங்கம் பண்ணுனது எல்லாம் மனசுல நிக்குது. நான் வாழ்ந்ததுதான் போகுது. முழுசாப் போறதுக்கு முந்தி உன் கையால எழுதி வாங்கிரணும்னு பாத்தேன். உன்கிட்டச் சொல்லத்தான் தைரியம் வரலை.

கிரேஸ்: நேத்தும் இதையேதான் சொன்னீங்க. முந்தாநாளும் சொன்னீங்க. உங்க சரித்திரத்தை நோட்டுல எழுதி முடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு, இந்தப் பேனாவுல மையே கெடையாது. என்னைக்காவது ஒரு நாள், நான் சிவகிரி பஸ்ல வந்ததை நீங்களா சொல்லிர மாட்டீங்களான்னுதான், தினம் எழுதுத மாதிரி வந்து உக்காருதேன்.