கிளிக்குள் உயிர் வைத்த பூதம்

"எங்க தெருவில எந்தப் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தாலும் நான்தான் துணைக்குப் போகணும்வே."

தச்சநல்லூரிலிருந்து ஜங்ஷன் போகும் பேருந்தில், முன்சீட்டுக் கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"ஏன்வே, என்ன செஞ்சீரு?"

"கிளிக்குள்ள உயிர வச்ச பூதம் கதை இருக்குல்லா, அதப் படமா எடுத்திருக்கான். சின்னப்பிள்ளைக் கதைதானன்னு தெருப்பிள்ளைக அம்புட்டையும் கூட்டிட்டுப் போனேன்."

"நல்ல காரியம்தான?"

"அந்த டைரக்டர் பூதத்தக் கொண்டுபோய்க் கக்கூஸுக்குள்ள வச்சிருக்கான்வே! கிளி கழுத்தத் திருகுன பொறவும் அது சாவல. படம் முடிஞ்சும் உள்ளதான் இருக்கு."

நண்பர் சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

"சிரியும்வே. பொழுது அடஞ்சாப் போதும், தாய்மாரெல்லாம் எங்க வாசல்ல வந்து நிக்காவ. 'அண்ணாச்சி, நீங்கதான காட்டுனீய, நீங்களே கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லுதாவ."

"சரி, பிள்ளைகளுக்கு நீரு துணை. உமக்கு யாருவே துணை?"

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு முட்டுச்சுன்னா, வீடு வீடாப் போயி 'யாருக்காவது ஒண்ணுக்கு வருதாடே'ன்னு கேப்பேன்."